முதல் கார் வாங்குகிறேன்: புதிய அக்சியாவா, ஓடிய அக்சியாவா?

பாலம்_கடப்பவள் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், நிலப்பகுதியில் உள்ள பட்டர்வொர்த்தில் பெற்றோருடன் வசிக்கிறேன். பாலம் கடந்து, பினாங்குத் தீவில் உள்ள பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. முன்பு ஷிப்டில் இருந்தபோது தொழிற்சாலைப் பேருந்து வீட்டருகே வந்து ஏற்றிக்கொள்ளும். அலுவலக நேரத்துக்கு மாறிய பிறகு அந்தப் பேருந்தின் நேரம் ஒத்துவரவில்லை; மோட்டார் சைக்கிளில்தான் போய் வருகிறேன். 2019ஆம் ஆண்டிலிருந்து இரண்டு பாலங்களிலும் மோட்டார் சைக்கிளுக்கு டோல் கிடையாது என்பதால் செலவு மிகக் குறைவு. ஆனால், மாலையில் மழை பிடித்துக்கொண்டால் பாலத்தின் நடுவில் அடிக்கும் பக்கக் காற்று வண்டியை ஓரத்துக்குத் தள்ளுகிறது. நான் வீடு சேரும் வரை அம்மா வாசலை விட்டு நகர்வதில்லை. ஃபெரியில் மோட்டார் சைக்கிளை ஏற்றிச் செல்லலாம் என்றாலும், அது ஜார்ஜ் டவுனில் இறக்கிவிடுகிறது. அங்கிருந்து பாயான் லெப்பாஸ் போவதற்குள் வேலை தொடங்கிவிடும். ஆகவே கார் வாங்குவது என்று முடிவாகிவிட்டது. எந்தக் கார் என்பதில்தான் வீடே இரண்டாகப் பிரிந்து நிற்கிறது.

என் அடிப்படைச் சம்பளம் 3,400 வெள்ளி (ரிங்கிட்). சேமநிதியும் சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதியும் போக ஏறக்குறைய 3,000 வெள்ளி கைக்கு வருகிறது. அதில் வீட்டுக்கு 600, பிடிபிடிஎன் கல்விக் கடனுக்கு 180 கொடுக்கிறேன். மிகைநேர வருமானத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. சேமிப்பில் 16,000 வெள்ளி இருக்கிறது.

இப்போது என்முன் இரண்டு கார்கள் இருக்கின்றன. ஒன்று, புதிய பெரோடுவா அக்சியா; விற்பனையாளர் கொடுத்த தாளில் காப்புறுதி நீங்கலாக 38,600 வெள்ளி என்றும், பத்து விழுக்காடு முன்பணம் கட்டி ஒன்பது ஆண்டு தவணை எடுத்தால் மாதம் 409 வெள்ளிதான் என்றும் எழுதியிருக்கிறார். மற்றொன்று, பிறை நகரில் ஒரு பழைய கார் கடையில் நிற்கும் 2021ஆம் ஆண்டு அக்சியா, விலை 27,500. அதற்கு ஏழு ஆண்டு கடன் கிடைக்கும், மாதம் 388 வரும் என்கிறார்கள். முதல் கார் புதிதாக இருக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. கடையை விட்டு வெளியே வந்ததுமே புதிய காரின் மதிப்பு விழுந்துவிடும், எவனோ அந்த நட்டத்தை ஏற்கட்டும் என்பது அப்பாவின் வாதம். மாதத்துக்கு இருபது வெள்ளி வித்தியாசத்துக்காகப் பழைய காரை வாங்க வேண்டுமா என்று எனக்கும் குழப்பமாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

தவணைக்காரர்:

சகோதரிக்கு வணக்கம். வங்கியொன்றில் வாடகைக் கொள்முதல் (தவணைக் கார் கடன்) பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்களிடம் கொடுக்கப்பட்ட இரண்டு தாள்களையும் முதலில் ஓரமாக வையுங்கள். ஒன்பது ஆண்டுத் தவணையையும் ஏழு ஆண்டுத் தவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "இருபது வெள்ளிதான் வித்தியாசம்" என்று காட்டினால், எந்தக் காரும் மலிவாகத்தான் தெரியும். ஒப்பிட வேண்டுமானால் காலத்தைச் சமமாக்க வேண்டும்.

நீங்கள் கொடுத்த தொகைகளிலிருந்து நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். புதிய காருக்கு 34,740 வெள்ளி கடன். ஆண்டுக்கு 3 விழுக்காடு நிலையான வட்டி என்று வைத்தால்தான் ஒன்பது ஆண்டில் 409 வருகிறது. அதே கடனை ஏழு ஆண்டுக்கு எடுத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 500. பழைய காருக்கு 24,750 வெள்ளி கடன். அதில் 388 வர வேண்டுமானால் வட்டி 4.5 விழுக்காடாக இருக்க வேண்டும். பழைய காருக்கு வங்கிகள் கூடுதல் வட்டி கேட்பது வழக்கம்தான், அதில் சூது ஒன்றும் இல்லை. ஆனால், விளைவைப் பாருங்கள். ஏழு ஆண்டில் புதிய காருக்கு நீங்கள் கட்டும் வட்டி 7,295 வெள்ளி. பத்தாயிரம் வெள்ளி குறைவாகக் கடன் வாங்கிய பழைய காருக்கு நீங்கள் கட்டும் வட்டியோ 7,796 வெள்ளி. குறைந்த கடனுக்கு அதிக வட்டி! அப்பா சொல்லும் மதிப்பு வீழ்ச்சி உண்மைதான். ஆனால், நம் நாட்டில் பெரோடுவா கார்களுக்குக் கிராக்கி குறைவதே இல்லை. நான்கைந்து ஆண்டு ஓடிய பின்னும் விலை அதிகம் இறங்காது. அப்படி இறங்கிய கொஞ்சத்திலும் ஒரு பங்கை வங்கி வட்டியாக எடுத்துக்கொள்கிறது. ஆகவே, முழுக்கக் கடனில் வாங்குகிறவருக்கு நான்கு வயதுப் பெரோடுவா அவ்வளவு இலாபமான பொருள் அல்ல என்பதே என் கருத்து. வேறு நாட்டுக் கார்களில், குறிப்பாக விலை வேகமாகச் சரியும் பெரிய கார்களில், இந்தக் கணக்கு மாறும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நிலையான வட்டி என்பது, நீங்கள் மாதாமாதம் அசலை அடைத்துக்கொண்டே வந்தாலும் தொடக்கத்தில் வாங்கிய முழுத் தொகைக்கே கடைசி ஆண்டு வரை வட்டி போடும் முறை. தாளில் 3 என்று இருந்தாலும், வீட்டுக் கடன்போல் குறையும் நிலுவைக்கு வட்டி போட்டுப் பார்த்தால் அது ஏறக்குறைய ஐந்தரை விழுக்காட்டுக்குச் சமம். காலம் நீள நீள வட்டி ஆண்டுக் கணக்கில் பெருகிக்கொண்டே போகும். ஒன்பது ஆண்டுதான் இங்கே உச்ச வரம்பு. வரம்பு இருக்கிறது என்பதற்காக அதைத் தொட்டே ஆக வேண்டும் என்பதில்லை.

உங்களிடம் 16,000 வெள்ளி சேமிப்பு இருக்கிறது. முன்பணத்தைச் சட்டம் கேட்கும் பத்து விழுக்காட்டோடு நிறுத்தாமல் 10,000 வெள்ளி கட்டுங்கள். கடன் 28,600 ஆகிவிடும். அதே 3 விழுக்காட்டில் ஏழு ஆண்டுக்கு மாதம் 412 வரும். விற்பனையாளர் ஒன்பது ஆண்டுக்குச் சொன்ன 409க்கும் இதற்கும் மூன்று வெள்ளிதான் வித்தியாசம். ஆனால், இரண்டு ஆண்டு முன்னதாகவே கடன் முடிகிறது. வட்டியும் 9,380 வெள்ளியிலிருந்து 6,006 வெள்ளியாகக் குறைகிறது. மிச்சமிருக்கும் 6,000 வெள்ளியில் முதல் ஆண்டுக் காப்புறுதியைக் கட்டிவிட்டு, மீதியைத் தொடாமல் வையுங்கள். உங்கள் பெயரில் இதுவரை கார் காப்புறுதி இல்லாததால் நோ-கிளெய்ம் கழிவு பூச்சியத்தில்தான் தொடங்கும். விபத்துக் கோரிக்கை எதுவும் இல்லாமல் ஓர் ஆண்டு முடிந்தால் 25 விழுக்காடு கழிவு கிடைக்கும். அது படிப்படியாக ஏறி 55 விழுக்காடு வரை போகும். மோட்டார் சைக்கிளுக்குச் சேர்த்த கழிவைக் காருக்கு மாற்ற முடியாது. முதல் ஆண்டுப் பிரிமியத்தைப் பார்த்து அதிர்ச்சி அடைந்து, "அப்பா பெயரில் பதிந்துவிடலாம்" என்று யோசிக்க வேண்டாம். கார் ஓட்டுகிறவரும் தவணை கட்டுகிறவரும் நீங்கள் என்றால், கிராண்டும் (கார் பதிவுப் பத்திரம்) கடனும் காப்புறுதியும் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும்.

ஜெலுத்தோங்_வாசி:

மேலே எழுதிய ஐயாவின் கணக்கில் குறை சொல்ல முடியாது. ஆனால், கணக்கில் வராத ஒன்று இருக்கிறது. சகோதரி வசிப்பது அடுக்குமாடி வீட்டிலா, தரை வீட்டிலா என்று தெரியவில்லை. எங்கள் பகுதி அடுக்குமாடிகளில் இரவு எட்டு மணிக்கு மேல் வருகிறவர்கள் இரண்டாம் வரிசையில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் விட்டுச் செல்கிறார்கள். காலையில் யாராவது ஒருவர் அதைத் தள்ளி நகர்த்துவார். புதிதாக ஓட்டப் பழகுகிறவரின் புதிய கார் இந்தச் சூழலில் முதல் மாதத்திலேயே கீறல் வாங்கிவிடும். பழைய கார் என்றால் மனம் அவ்வளவு பதறாது. எட்டு, பத்து வயதான நல்ல பெரோடுவா மைவி ஒன்றைக் கையிலுள்ள பணத்திலேயே வாங்கி, இரண்டு மூன்று ஆண்டு ஓட்டிக் கைபழகிய பிறகு புதியதை நினைக்கலாம் என்பது என் கருத்து. சாலை வரியும் பெரிய சுமை இல்லை: ஆயிரம் சிசி வரை 20 வெள்ளி, 1.3 மைவிக்கு 70, 1.5 என்றால் 90.

பிறை_பட்டறை:

வணக்கம். பிறையில் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகச் சிலவற்றைச் சொல்கிறேன். பழைய கார் வேண்டாம் என்று நான் சொன்னால் என் பிழைப்பையே நான் குறை சொன்னதாகிவிடும். ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும்.

ஜெலுத்தோங் நண்பர் சொல்வதுபோல் ரொக்கத்துக்கு ஒரு பழைய மைவி வாங்குவதில் எனக்கு மறுப்பில்லை. உண்மையில் பழைய காரில் பணம் மிச்சமாவது அங்கேதான், வட்டியே இல்லாத இடத்தில். ஆனால், சேமிப்பு முழுவதையும் காரிலேயே போட்டுவிட்டு வந்து, அடுத்த மாதம் ஏர்கண்டிஷன் கம்ப்ரசர் போய்விட்டது என்று என் கடை வாசலில் கலங்கி நிற்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். பத்து வயதுக் காருக்கு வாங்கும் விலையோடு குறைந்தது மூவாயிரம் வெள்ளி தனியாக இருக்க வேண்டும். டயர் நான்கு, பேட்டரி, பிரேக் பேட், அப்சார்பர், எஞ்சின் மவுண்டிங், கூலன்ட் குழாய்கள் ஆகியவையெல்லாம் ஏறக்குறைய ஒரே காலத்தில் தவணை கேட்கும். அதோடு சகோதரி நாள்தோறும் போக வர ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் ஓட்டப் போகிறார். வேலைக்கு மட்டுமே ஆண்டுக்குப் பதினைந்தாயிரம் கிலோமீட்டர் வரும். பாலத்தின் நடுவில் கார் நின்றால் இழுவை வண்டி வரும் வரை பின்னால் நிற்கும் வரிசை வேறு. வார இறுதியில் மட்டும் ஓட்டுகிறவருக்கு நான் சொல்லும் பதில் வேறாக இருக்கும்.

புதிய காருக்கு ஐந்து ஆண்டு அல்லது 150,000 கிலோமீட்டர் உத்தரவாதம் இருக்கிறது. உங்கள் ஓட்டத்துக்கு ஐந்து ஆண்டில் எண்பதாயிரத்தைத் தாண்டினாலே அதிகம், ஆகவே முழு ஐந்து ஆண்டும் உங்களுக்குப் பயன்படும். ஆனால், குறித்த நேரத்தில் அங்கீகாரம் பெற்ற சேவை மையத்திலேயே சர்வீஸ் செய்ய வேண்டும். டயர், பிரேக் பேட் போன்று தேய்கிற பொருள்கள் உத்தரவாதத்தில் வராது. 2021ஆம் ஆண்டு அக்சியாவுக்கு உத்தரவாதம் முடிந்துவிட்டதா, எஞ்சியிருக்கிறதா என்பதை முதலில் கிராண்டில் பதிவான தேதியைப் பார்த்துக் கணக்கிடுங்கள். இரண்டும் அக்சியா என்றே சொன்னாலும் ஒரே கார் அல்ல. 2023ஆம் ஆண்டு வந்த இரண்டாம் தலைமுறை அக்சியாவுக்குப் புதிய அடித்தளமும் சிவிடி கியரும் (படிகள் இல்லாமல் தானாக மாறும் கியர்) இருக்கின்றன. 2021ஆம் ஆண்டுக் காரில் இருப்பது பழைய நான்கு வேக ஆட்டோ கியர். பழையது எளிமையானது, பழுது பார்ப்பதும் மலிவு. புதியதில் பெட்ரோல் சிக்கனம் கூடுதல். யாராவது புரோட்டோன் சாகா வாங்கச் சொன்னால், 2019ஆம் ஆண்டு மேம்படுத்தப்பட்ட மாதிரியிலிருந்துதான் சிவிடி போய் நான்கு வேகக் கியர் வந்தது என்பதையும், சாகாவின் எஞ்சினில் டைமிங் பெல்ட் இருப்பதால் குறித்த தூரத்தில் அதை மாற்றிய ரசீதைக் கேட்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். அக்சியாவிலும் மைவியிலும் சங்கிலி, அந்தத் தொல்லை இல்லை.

பழைய காரைத்தான் பார்ப்பதென்றால், போவதற்கு முன் கடைக்காரரிடம் "எஞ்சினைத் தொடாதீர்கள், நான் வந்து எழுப்புகிறேன்" என்று சொல்லிவிடுங்கள். காலையில் குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும். போனதும் பானட் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம். கூலன்ட் தொட்டியின் மூடியைக் குளிர்ந்த நிலையில் திறந்து, நிறம் தெளிவாக இருக்கிறதா அல்லது துருத் தண்ணீர்போல் இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் எண்ணெய் மூடியின் அடியில் பாலாடைபோல் வெளிறிய பசை ஒட்டியிருந்தால் வாங்க வேண்டாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்த டயர் என்று பொருள். முப்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது என்று மீட்டர் காட்டும் காரில் நான்கு டயரும் அண்மையில் மாற்றப்பட்டிருந்தால், ஏன் என்று கேளுங்கள். பிரேக் மிதியின் ரப்பர் வழவழப்பாகத் தேய்ந்திருப்பதும், ஓட்டுநர் இருக்கையின் கதவுப் பக்க விளிம்பு நைந்திருப்பதும், ஸ்டியரிங்கின் மேல்பகுதி பளபளப்பதும் மீட்டரை விட நேர்மையான சாட்சிகள். பானட் கீல்களின் திருகுகளில் பெயின்ட் உரிந்திருந்தால், யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்; முன்பக்கம் ஒருமுறை இடித்திருக்கலாம்.

பெயர் மாற்றத்துக்கான பி5 சோதனையும், கடன் எடுத்தால் வேண்டிய பி7 சோதனையும் முடிந்த கார் என்று சொல்வார்கள். அந்தச் சோதனைகள் சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் சரியாக இருக்கின்றனவா, பிரேக்கும் விளக்கும் வேலை செய்கின்றனவா என்பதைத்தான் பார்க்கின்றன. கியர் இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும் என்று அங்கே யாரும் எழுதித் தர மாட்டார்கள்.

செந்தூல்_அக்கா:

தங்கைக்கு வணக்கம், நான் கோலாலம்பூரிலிருந்து எழுதுகிறேன். பட்டறை அண்ணன் விட்டுவிட்ட ஒன்றைச் சேர்க்கிறேன், ஏனென்றால் என் தம்பி அதில்தான் மாட்டிக்கொண்டான். 2021ஆம் ஆண்டு டிசம்பரில் ஷா ஆலாம் பக்கம் வெள்ளம் வந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். அதில் மூழ்கிய கார்களில் ஒரு பகுதி கழுவித் துடைக்கப்பட்டு மீண்டும் விற்பனைக்கு வந்தது. தம்பி வாங்கிய கார் வெளியில் பார்க்கப் புதுமணப்பெண்போல் இருந்தது. சில மாதத்தில் கதவுக் கண்ணாடிகள் தாமாகவே இறங்கத் தொடங்கின, பிறகு மீட்டர் விளக்குகள் கண்சிமிட்டின. எலெக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறவர் வந்து, பின் இருக்கையின் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துக் காட்டினார். வழக்கமாக உள்ளேயே சுருண்டு கிடக்கும் அந்தக் கடைசி முழத்தில் மண் நிறத்தில் ஒரு கோடு குறுக்கே ஓடியது. வெளியில் தெரியும் பகுதியைத் துவைத்தவர்கள் அதை இழுத்துப் பார்க்கவில்லை.

உங்கள் பினாங்கிலும் 2017ஆம் ஆண்டு நவம்பரில் பெரிய வெள்ளம் வந்தது. அதனால் அந்த ஆண்டுக்கு முந்தைய கார் எதைப் பார்த்தாலும் நான்கு பெல்ட்டுகளையும் முழுக்க இழுத்துப் பாருங்கள். உதிரி டயரைத் தூக்கிவிட்டு அந்தக் குழியின் ஓரங்களில் மண் படிந்திருக்கிறதா, இருக்கைகளுக்கு அடியிலுள்ள தண்டவாளத் திருகுகள் துருப்பிடித்திருக்கின்றனவா என்று தடவிப் பாருங்கள். காருக்குள் வாசனைத் திரவம் அளவுக்கு அதிகமாக அடித்திருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். புதியதோ பழையதோ, காப்புறுதி எடுக்கும்போது வெள்ளத்துக்கான கூடுதல் பாதுகாப்பையும் கேட்டு வாங்குங்கள். முழுக் காப்புறுதி என்று பெயர் இருந்தாலும், வழக்கமான பத்திரத்தில் வெள்ளம் அடங்காது.

பழைய காரைக் கடையில் வாங்குவதில் ஒரு நன்மையும் உண்டு. குறை மறைத்து விற்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. தனிப்பட்ட ஒருவரிடம் வாங்கினால் அந்த வழி கிடையாது, ஏனென்றால் தீர்ப்பாயம் வணிகருக்கும் பயனீட்டாளருக்கும் இடையிலான வழக்கைத்தான் எடுக்கும். அதனால் வாங்கும்போது கடைக்காரர் வாயால் சொல்வதை எல்லாம் ரசீதில் எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள். தம்பிக்குக் கடைசியில் கைகொடுத்தது, "வெள்ளத்தில் பாதிக்கப்படாத கார்" என்று கடைக்காரரே எழுதிக்கொடுத்த ஒரு வரிதான்.

பாலம்_கடப்பவள்:

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. தவணைக்காரர் ஐயாவின் கணக்கை அப்பாவிடம் காட்டினேன். அவரே கால்குலேட்டரை எடுத்து ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு அமைதியாகிவிட்டார். நாங்கள் இருப்பது தரை வீடு, கார் நிறுத்த வாசலில் இடம் இருக்கிறது.

இதற்கிடையே புதிதாக ஒரு யோசனை வந்திருக்கிறது. என் பெரியப்பா மகன் 2019ஆம் ஆண்டு பெரோடுவா பெசா கார் ஒன்று வைத்திருக்கிறார். சிங்கப்பூரில் வேலை கிடைத்துவிட்டதால் கார் வீட்டில் சும்மா நிற்கிறது. கடன் இன்னும் மூன்று ஆண்டு பாக்கி. முன்பணமே வேண்டாம், மாதம் 480 வெள்ளி நான் கட்டிக்கொண்டு வந்தால் போதும், கடன் முடிந்த பிறகு பெயர் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். காரை நான் சிறு வயதிலிருந்து பழகிய அண்ணன்தான் ஓட்டினார், விபத்து எதுவும் இல்லை என்று எங்களுக்கே தெரியும். பெரியப்பாவே நேரில் வந்து சொன்னதால் அப்பாவால் தட்டவும் முடியவில்லை. இதை ஏற்கலாமா?

தவணைக்காரர்:

சகோதரி, இதற்கு மட்டும் சுற்றிவளைக்காமல் பதில் சொல்கிறேன்: வேண்டாம். இதைத்தான் ஊரில் சம்போங் பாயார் என்கிறார்கள். கடன் முடியும் வரை அந்தக் காரின் உரிமை வங்கியிடம் இருக்கிறது. அதன் இசைவு இல்லாமல் வேறொருவரிடம் காரை ஒப்படைப்பது 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி குற்றம். உங்கள் அண்ணன் நல்லவர் என்பதில் ஐயமில்லை. ஆனால், நீங்கள் அவர் கணக்கில் பணம் போட, அவர் வேறு நெருக்கடியில் அதை எடுத்துச் செலவிட்டு, தொடர்ந்து இரண்டு தவணை தவறினால், வங்கி 21 நாள் அறிவிப்பு அனுப்பிவிட்டுக் காரை இழுத்துக்கொண்டு போக முடியும். அந்த அறிவிப்பு போவதும் அவர் பெயருக்கு, அவர் முகவரிக்கு. நீங்கள் கட்டிய ஒரு வெள்ளிக்கும் உங்கள் பெயரில் சான்று இருக்காது. காப்புறுதி அவர் பெயரில், கோரிக்கைத் தொகை போவதும் அவர் வங்கிக்கு; மூன்று ஆண்டு நீங்கள் கவனமாக ஓட்டிச் சேர்க்கும் நோ-கிளெய்ம் கழிவும் அவருக்கே. பாலத்தில் வேகக் கேமரா பிடித்தால் சம்மனும் சிங்கப்பூரில் இருக்கிறவருக்குப் போகும்.

முறையாகச் செய்ய வழி இருக்கிறது. அண்ணன் தம் வங்கியிடம் இன்றைய தேதியில் கடனை முழுதாக முடிக்க எவ்வளவு என்று எழுத்தில் வாங்கட்டும். அந்தத் தொகையும் சந்தை விலையும் ஒத்துப்போனால், நீங்கள் உங்கள் பெயரில் புதிய கடன் எடுத்து அவர் கடனை அடைத்து, வங்கியின் உரிமைக் குறிப்பை நீக்கச் சொல்லி, பி5, பி7 சோதனை முடித்து, ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகா) பெயர் மாற்றிக்கொள்ளலாம். ஆனால், அப்படிச் செய்தால் பழைய காருக்கான வட்டி வந்துவிடும். நாம் முதலில் போட்ட கணக்குக்கே திரும்பிவிடுவோம். பெரியப்பாவிடம் மறுப்பது சங்கடம் என்றால், "வங்கி அனுமதித்தால் நாளைக்கே வாங்கிக்கொள்கிறேன்" என்று அப்பா சொல்லட்டும். பொய்யும் இல்லை, பகையும் இல்லை.

செந்தூல்_அக்கா:

ஐயா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். சொந்தத்துக்குள் காசு பேச்சு வந்தால் தீபாவளிக்குக் கூடப் போக்குவரத்து நின்றுவிடும். எங்கள் குடும்பத்தில் நடந்ததை இங்கே எழுத வேண்டாம்.

பாலம்_கடப்பவள்:

அண்ணனிடம் நானே பேசிவிட்டேன். அவருக்கும் அது குற்றம் என்று தெரிந்திருக்கவில்லை. காரை முறையாக விற்றுவிடுவதாகச் சொன்னார். நான் 10,000 வெள்ளி முன்பணம், ஏழு ஆண்டு என்று புதிய அக்சியாவுக்கு மனு செய்யலாம் என்று இருக்கிறேன். முன்பதிவுப் பணம் இன்னும் கட்டவில்லை. கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா?

பிறை_பட்டறை:

இருக்கிறது. விற்பனையாளரிடம் கார் எந்த ஆண்டு தயாரிக்கப்பட்டது என்று கேட்டு, அதை ஆர்டர் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் சென்ற ஆண்டு செய்த கார்கள் கையிருப்பில் இருக்கும். அவற்றுக்குக் கழிவு கொடுத்தால் வாங்கலாம், கழிவு இல்லாமல் முழு விலைக்கு வாங்கினால் பிற்பாடு விற்கும்போது ஒரு வயது கூடிய காராகத்தான் மதிப்பிடுவார்கள். கண்ணாடிக்குக் கறுப்புத் தாள், தரை விரிப்பு, பெயின்ட் கோட்டிங் என்று தாளில் தானாகச் சேர்ந்திருக்கும் பொருள்களை அடித்துவிடச் சொல்லுங்கள். வேண்டியதை வெளியில் பாதி விலைக்குச் செய்துகொள்ளலாம். கடன் மனு நிராகரிக்கப்பட்டால் முன்பதிவுப் பணம் திரும்பக் கிடைக்குமா என்பது ரசீதில் இருக்க வேண்டும். காரை எடுக்கப் பகலில் போங்கள், மழை இல்லாத நாளாகப் பார்த்து. ஈரமான காரில் கீறல் தெரியாது. சேசிஸ் எண்ணைக் கிராண்டோடு ஒப்பிட்டுவிட்டு, உதிரி டயரும் ஜாக்கியும் இருக்கின்றனவா என்று காரின் பின்பக்கச் சாமான் அறையைத் திறந்து பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

பாலம்_கடப்பவள்:

மிக்க நன்றி அண்ணா. சனிக்கிழமை அப்பாவுடன் போகிறேன். கறுப்புத் தாள் 1,200 வெள்ளி என்று அந்தத் தாளில் ஏற்கெனவே இருக்கிறது, இப்போதுதான் கவனித்தேன்.